அங்கோர் போறீங்களா? கோயிலோட சேர்த்து அதைத் தூக்கி நிறுத்தின வேலையையும் பாத்துட்டு வர்றது எப்படி

கம்போடியாவுல பழைய கோயில்கள் கூட்டமா இருக்கற அங்கோருக்கு டூர் போறவங்க நம்ம ஊர்ல இப்ப நெறைய, ஆனா பெரும்பாலும் ஒரே நாள்ல முடிச்சிடறாங்க. விடியக்காலைல அங்கோர் வாட், அப்புறம் பாயோன் கோபுரத்துல இருக்கற முகங்கள், மதியம் தா ப்ரோம்ல மரத்தோட ஒரு போட்டோ, சாயங்காலம் ஹோட்டல். இப்படி ஓடினா கண்ணுல படாமலே போற ஒரு விஷயம் இருக்கு. அங்க இன்னிக்கு நிக்கிற சுவர்ல நெறைய யாரோ சாரம் கட்டி, கல்லைப் பிரிச்சு, நம்பர் போட்டு, திரும்ப அடுக்கி நிக்க வெச்சது, அதுவும் ஒரு நாட்டு ஆளுங்க இல்ல, பிரான்ஸ், ஜப்பான், இந்தியா, ஜெர்மனி, சீனா, அமெரிக்கா, இத்தாலி, சுவிட்சர்லாந்து, இந்தோனேசியான்னு ஆளாளுக்கு ஒரு கோயில் எடுத்து, ஆளாளுக்கு ஒரு முறைல பண்ணிருக்காங்க. எது யார் வேலைன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சா அங்கோர் வேற மாதிரி தெரியும், அதுக்குத்தான் இந்த கைட்.

முதல்ல டிக்கெட். ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூணு நாள் பாஸ் 62 டாலர், ஏழு நாள் பாஸ் 72 டாலர், 2017ல இருந்து இதான் ரேட், போறதுக்கு முன்னாடி ஒருதடவை செக் பண்ணிக்கோங்க. நான் சொல்றது மூணு நாள் பாஸ். அதைத் தொடர்ந்து மூணு நாள்ன்னு யூஸ் பண்ணணும்னு அவசியம் இல்ல, பத்து நாளுக்குள்ள எந்த மூணு நாள் வேணா போலாம், நடுவுல ஒரு நாள் மழைன்னா ரெஸ்ட் எடுத்துக்கலாம். பாஸ்ல உங்க போட்டோ இருக்கும், எல்லா கோயில் வாசல்லயும் கேப்பாங்க. முட்டியும் தோளும் மூடின டிரஸ், ஒரு சின்ன பைனாகுலர், ஒரு டார்ச், இது மூணும் மறக்காதீங்க, டார்ச் எதுக்குன்னு கீழ சொல்றேன்.

பின்கதை கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு போனா நல்லது. பிரெஞ்சுக்காரங்க ஆட்சில 1908லயே அங்கோருக்குன்னு தனி பராமரிப்பு ஆபீஸ் வந்துடுச்சு, காட்டை வெட்டி, இடிஞ்சத நிறுத்தி, எழுபதுகள் ஆரம்பம் வரைக்கும் வேலை ஓடுச்சு, அப்புறம் உள்நாட்டுப் போர், போல் பாட்டோட க்மெர் ரூஜ் ஆட்சி, கண்ணிவெடி, சிலைத் திருட்டுன்னு இருபது வருஷம் போச்சு. பயிற்சி எடுத்த கம்போடிய ஆளுங்கள்ல உயிரோட மிஞ்சினவங்க ரொம்பக் கொஞ்சம். 1992ல யுனெஸ்கோ அங்கோரை உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேர்த்தப்பவே ஆபத்துல இருக்கற இடம்னும் சேர்த்துத்தான் அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் 1993 அக்டோபர்ல டோக்கியோல நாடுகள் எல்லாம் கூடி ஐசிசி அங்கோர்னு ஒரு கமிட்டி போட்டாங்க, பிரான்சும் ஜப்பானும் இணைத் தலைமை, யுனெஸ்கோ செயலகம். 1995ல கம்போடிய அரசு அப்சரான்னு ஒரு ஆணையம் ஆரம்பிச்சு, இடத்தோட முழுப் பொறுப்பும் அதுக்குன்னு ஆச்சு. எந்த நாடு வந்தாலும் என்ன பண்ணப் போறோம்னு அந்தக் கமிட்டி முன்னாடி வெச்சு, நிபுணர்கள் கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத்தான் கல்லுல கை வைக்கணும். 2004ல ஆபத்து லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துட்டாங்க. காசு குடுத்ததை விட இந்த ஏற்பாடுதான் அங்கோரைக் காப்பாத்துச்சுங்கறது என் கருத்து, ஏன்னா ஆளுக்கொரு பக்கம் இழுத்திருந்தா அந்தக் கல்லு தாங்கிருக்காது.

சரி, இப்ப கண்ணைப் பழக்கணும். எந்தக் கோயிலுக்குள்ள போனாலும் மொதல்ல சிற்பத்தைப் பாக்காம கல்லைப் பாருங்க. கருப்பா, பாசி படிஞ்சு, ஓரம் மழுங்கி இருந்தா பழைய மணற்கல். வெளிர் சாம்பல்ல, ஓரம் கூர்மையா, நடு சிற்பத்துல திடீர்னு மொட்டையா ஒரு கல் இருந்தா அது புதுசு. வேணும்னே செதுக்காம வடிவம் மட்டும் குடுத்து விட்டிருப்பாங்க, பாக்கறவங்களுக்கு எது பழசு எது புதுசுன்னு தெரியணும்ங்கறதுதான் விதி, ஏமாத்தக்கூடாது. உடைஞ்ச உத்தரத்துக்குக் கீழ சதுரமா கான்க்ரீட் தூண் முட்டுக்கொடுத்து நின்னா, தூணைச் சுத்தி இரும்புப் பட்டை போட்டிருந்தா, அது பெரும்பாலும் பழைய பிரெஞ்சு காலத்து வேலை. அப்புறம் நெறைய கல்லுல விரல் போற அளவு வட்டமா ஓட்டை இருக்கும், கைடு சில பேர் புல்லட்னு கதை விடுவாங்க, புல்லட் பட்ட தடம் அங்கோர் வாட்ல உண்மையிலயே சில இடத்துல இருக்குதான், ஆனா வரிசையா அளவு பாத்து போட்ட ஓட்டை எல்லாம் அந்தக் காலத்து கல்தச்சர் கல்லைத் தூக்கறதுக்குப் போட்டது. இன்னொண்ணு, சந்துல காரையே இருக்காது. கல்லோட கல்லைத் தேச்சு இழைச்சு உக்கார வெச்சிருக்காங்க, அதனால ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஒரு இடம்தான் பொருந்தும். இது ஞாபகம் இருக்கட்டும், அடுத்து போற இடத்துக்கு வேணும்.

முதல் நாள் பாப்புவோன்ல ஆரம்பிங்க. பாயோனுக்குப் பக்கத்துலயே இருக்கு, பாதி பேர் தாண்டிப் போயிடறாங்க, என்னைக் கேட்டா பராமரிப்பு வேலையப் பாக்கணும்னா அங்கோர்ல முதல் இடம் இதுதான். 11ஆம் நூற்றாண்டு சிவன் கோயில், மலை மாதிரி அடுக்கடுக்கா ஏறும், ஆனா உள்ள முழுக்க மணல். மழைத்தண்ணி உள்ள இறங்க இறங்க மணல் கனத்து வெளிய தள்ளி சுவர் சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வெளிய இருந்து முட்டுக் கொடுத்துப் பாத்து முடியாம, 1960ல பிரெஞ்சு டீம் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தாங்க, மொத்தத்தையும் பிரிச்சு, உள்ள கான்க்ரீட் தடுப்புச் சுவர் கட்டி மணலைப் பிடிச்சுக்கிட்டு, வெளிய திரும்ப அதே கல்லை அடுக்கிடலாம்னு. கிட்டத்தட்ட 3,00,000 கல், ஒவ்வொண்ணா இறக்கி, நம்பர் போட்டு, எது எங்கன்னு பதிவேட்டுல எழுதி, சுத்தி இருந்த காட்டுல பரப்பி வெச்சாங்க. அந்த நேரம் பாத்து போர் வந்துடுச்சு. டீம் கிளம்ப வேண்டியதாச்சு, க்மெர் ரூஜ் காலத்துல தலைநகர் நோம் பென்ல இருந்த பதிவேடு, வரைபடம் எல்லாம் அழிஞ்சு போச்சு. கல்லு மட்டும் காட்டுக்குள்ள கிடக்கு, எது எங்க போகும்னு சொல்ல ஆளும் இல்ல பேப்பரும் இல்ல.

1995ல பாஸ்கல் ருவாயேர்ங்கற ஆர்க்கிடெக்ட் தலைமைல திரும்ப ஆரம்பிச்சாங்க. பாரிஸ்ல பத்திரமா இருந்த பழைய போட்டோக்கள், முன்னாடி அங்க வேலை பாத்து உயிர் பிழைச்ச சில பேரோட ஞாபகம், அப்புறம் ஒவ்வொரு கல்லா அளந்து, அதோட விளிம்பு வளைவு எந்த வரிசைக்குப் பொருந்தும்னு பாத்துப் பாத்து அடுக்கினாங்க. நான் மேல சொன்னேனே, காரை இல்லாம இழைச்சு வெச்சதால ஒரு கல்லுக்கு ஒரே இடம்தான்னு, அந்தக் காலத்து கல்தச்சரோட அந்த ஒழுங்குதான் ஆயிரம் வருஷம் கழிச்சு இவங்களுக்கு வழி காட்டுச்சு. 2011 ஜூலைல முடிஞ்சு திறந்தாங்க. மேல ஏறும்போது படி செங்குத்தா இருக்கும், பாத்து ஏறுங்க, முடிச்சுட்டு சுத்தி இருக்கற மரத்தடியையும் ஒரு நடை பாத்துட்டு வாங்க, இடம் கிடைக்காத கல்லுங்க இன்னும் அங்கங்க வரிசையா கிடக்கும்.

பாப்புவோனோட மேற்குப் பக்கத்தை விட்டுடாதீங்க. மதியத்துக்கு மேல வெயில் அந்தப் பக்கம் விழும், அப்ப கொஞ்ச தூரம் பின்னாடி தள்ளி நின்னு பாத்தீங்கன்னா சுவரே ஒரு படுத்த புத்தரா தெரியும், சுமார் 70 மீட்டர் நீளம், தலை இடது பக்கம். இது கோயில் கட்டி சில நூற்றாண்டு கழிச்சு, பௌத்தம் பரவின பிறகு, மேல இருந்த கோபுரக் கல்லையே எடுத்துக் கீழ அடுக்கிப் பண்ணது. இங்கதான் பெரிய சிக்கல், 11ஆம் நூற்றாண்டு கோயிலை முழுசா கொண்டு வரணும்னா புத்தரைக் கலைக்கணும், புத்தரை வெச்சுக்கணும்னா கோயில் உச்சி முழுமை ஆகாது. அவங்க புத்தரை வெச்சுக்கிட்டாங்க. சரியான முடிவுன்னுதான் நான் நினைக்கறேன், கோயிலுக்கு ஒரே ஒரு வயசு கிடையாது, அந்த ஊர் ஜனங்க கும்பிட்ட ஒவ்வொரு காலமும் அதுல இருக்கு.

அங்க இருந்து பாயோன் நடந்தே போலாம். எல்லாரும் முகத்தை அண்ணாந்து பாப்பாங்க, நீங்க வடக்குப் பக்க நூலகக் கட்டடத்தைத் தேடுங்க, சின்னதா தனியா நிக்கும். ஜப்பான் அரசு டீம் 1994ல வந்து மொதல்ல கையில எடுத்தது அதான், முழுசாப் பிரிச்சு 1999ல முடிச்சாங்க. பாப்புவோன்ல பிரெஞ்சுக்காரங்க உள்ள கான்க்ரீட் போட்டாங்க இல்ல, ஜப்பான்காரங்க அந்த வழிக்குப் போகல, அங்கோரைக் கட்டின க்மெர் ஜனங்களோட பழைய முறைப்படி மண்ணை அடுக்கடுக்கா திமிசு போட்டு இறுக்கறதையே எடுத்துக்கிட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து பலப்படுத்தினாங்க, ஏன்னா அடியில இருக்கற மண் வேலையும் அந்தக் கோயிலோட தொழில்நுட்பம்தானே, அதை எடுத்துட்டு கான்க்ரீட் ஊத்தினா வெளித்தோல்தான் பழசா இருக்கும்ங்கறது அவங்க வாதம். எந்தப் பக்கம் நியாயம்னு ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துட்டு நீங்களே யோசிங்க. ஜப்பான் வழி மனசுக்குப் பிடிச்சாலும் பாப்புவோன் உயரத்துக்கும் அந்த மணல் எடைக்கும் வெறும் மண்ணு தாங்கிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். நடுக் கோபுரத்துக்குக் கீழ 1933ல ஒரு பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் கிணறு மாதிரி தோண்டினப்ப உடைச்சுப் போட்ட பெரிய புத்தர் சிலை கிடைச்சுது, இப்ப பக்கத்துல ஒரு மண்டபத்துல வெச்சுக் கும்பிடறாங்க, கேட்டா டுக்டுக்காரரே கூட்டிட்டுப் போவார்.

ரெண்டாம் நாள் அங்கோர் வாட். காலைல சூரிய உதயக் கூட்டம் கலைஞ்சதும் உள்ள போங்க, இல்ல மதியத்துக்கு மேல வாங்க, கோயில் மேற்குப் பாத்தது, சாயங்கால வெயில்ல முகப்பு நல்லா தெரியும். உள்ள போற அகழிப் பாதையே பராமரிப்புக் கதைதான், அதோட ஒரு பகுதியை ஜப்பானோட சோபியா பல்கலைக்கழகமும் அப்சராவும் சேர்ந்து பண்ணாங்க, பேராசிரியர் இஷிசாவா யோஷியாகி இதுல பிடிவாதமா இருந்தது ஒரே விஷயம், வெளிநாட்டுக் கம்பெனியக் கூட்டிட்டு வந்து சட்டுனு முடிக்கக்கூடாது, கம்போடிய கல்தச்சர்களுக்குக் கத்துக் குடுத்து அவங்க கையால கட்டணும். அதனால வருஷக்கணக்கா ஆச்சு, பரவாயில்ல, இன்னிக்கு மத்த கோயில்ல வேலை பாக்கறதுக்கு உள்ளூர்ல ஆள் இருக்கு.

கிழக்குப் பிரகாரத்துல தெற்குப் பாதி, பாற்கடல் கடையற சிற்பம். வாசுகியப் பிடிச்சு ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், நடுவுல விஷ்ணு, கீழ ஆமை, நம்ம ஆளுங்களுக்குக் கதை சொல்லவே வேண்டாம், நேராப் போய் நின்னுடுவாங்க. நின்னு பாத்ததும் அண்ணாந்து கூரையப் பாருங்க. மழைத்தண்ணி கூரை வழியா ஒழுகி, உப்பு படிஞ்சு, சிற்பச் சுவரை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு, உலக நினைவுச்சின்ன நிதியம்ங்கற நியூயார்க் அமைப்பு கூரைக் கல்லைப் பிரிச்சு, ஒழுகாத மாதிரி பண்ணி, 2012 வாக்குல முடிச்சாங்க. சிற்பத்தைக் காப்பாத்தணும்னா சிற்பத்துல கை வைக்காம கூரையச் சரி பண்ணணும், இது நம்ம ஊர் கோயில் மண்டபத்துக்கும் பொருந்தும்.

இப்ப டார்ச். அங்கோர் வாட் சுவர்ல தேவதைப் பெண்கள் சிற்பம் 1,700க்கு மேல இருக்கு, ஒருத்தி மாதிரி ஒருத்தி இருக்க மாட்டா, தலை அலங்காரம் கூட வேற வேற. உள் பக்கம் வெளிச்சம் கம்மியான சுவரா பாத்து, டார்ச்சை நேரா அடிக்காம சுவரை ஒட்டி பக்கவாட்டுல பிடிங்க, தொடாம. மணற்கல் வெங்காயத்தோல் மாதிரி ஏடு ஏடா உரிஞ்சு நிக்கறது தெரியும், முக்கால்வாசி காலும் பாதமும்தான் மொதல்ல போயிருக்கும், தரையில இருந்து ஏறற ஈரமும் வௌவால் எச்சத்துல இருந்து வர்ற உப்பும்தான் காரணம். இன்னும் உத்துப் பாத்தா சில சிற்பத்துல அந்த ஏட்டோட ஓரத்துல கல்லு நிறத்துலயே மெல்லிசா ஒரு சாந்துக் கோடு ஓடும். அதுதான் ஜெர்மன் டீமோட வேலை. கொலோன்ல இருந்து வந்த ஹான்ஸ் லைசன்ங்கற கல் நிபுணர் 1995ல ஆரம்பிச்சது, உரிஞ்ச ஏட்டுக்குப் பின்னாடி சன்னமா சாந்து செலுத்தி, ஓரத்தை மூடி, தண்ணி உள்ள போகாம பண்ணுவாங்க, போன மூக்கையோ கையையோ புதுசா வெச்சுக் குடுக்க மாட்டாங்க. ஒரு சிற்பத்துக்கே எவ்வளவு பொறுமை வேணும்னு அந்தக் கோட்டைப் பாத்தா புரியும்.

இந்தியா இங்க 1986ல இருந்து 1993 வரைக்கும் வேலை பாத்துச்சு. போர் முடியல, கண்ணிவெடி எடுக்கல, நோம் பென் அரசை உலகத்துல பெரும்பாலான நாடு அங்கீகரிக்கவே இல்ல, அந்த நேரத்துல வந்தது இந்தியத் தொல்லியல் துறைதான், அதுக்கு மரியாதை குடுக்கணும். அதே நேரம் பாசிய எடுக்கறதுக்கு கெமிக்கல் போட்டுத் தேச்சதும், சிமெண்ட் பயன்படுத்தினதும் கல்லோட மேல்தோலைப் பாதிச்சுதுன்னு வெளிநாட்டு நிபுணர்கள் கடுமையா விமர்சிச்சாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும், ஒண்ணை மறைச்சா மத்தது பொய்யாயிடும்.

அதுக்கப்புறம் இந்தியா எப்படி வேலை பாத்துச்சுன்னு தெரிஞ்சுக்க மூணாம் நாள் காலைல முதல் வேலையா தா ப்ரோம் போங்க, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி. க்மெர் ராஜா ஏழாம் ஜெயவர்மன் 1186ல அம்மா நினைவா கட்டினது. பிரெஞ்சுக்காரங்க மத்த முக்கியமான கோயில்கள்ல காட்டை வெட்டினப்ப, கண்டுபிடிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு காட்ட இதை மரத்தோட விட்டு வெச்சாங்க. அழகா இருக்கு, ஆனா பராமரிக்கறவங்களுக்கு இதைவிட தலைவலி வேற இல்ல. வேர் கல்லைப் பிளக்குது, அதே வேர்தான் பிளந்த கல்லைப் பிடிச்சும் வெச்சிருக்கு, மரத்தை எடுத்தா சுவர் விழும், எடுக்கலன்னா மரம் வயசாகி சாயறப்ப சுவரையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். இந்தியத் தொல்லியல் துறையும் அப்சராவும் சேர்ந்து இருபது வருஷமா இதுல இருக்காங்க, மரத்தோட உடம்பைப் பாக்க டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம், மண்ணும் கட்டடமும் தாங்குமான்னு கணக்குப் போட நம்ம சென்னை ஐஐடி. அங்க போய் நிக்கறப்ப இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

என்ன பாக்கணும்னா, மரத்துக்கு அடியில இரும்பு முட்டு எங்கெங்க இருக்குன்னு தேடுங்க, வேர் மேல மிதிக்காம போற மாதிரி மரப்பலகை பாதை போட்டிருக்கறதைப் பாருங்க, வேலைக்கு முன்னாடி பின்னாடின்னு போட்டோ வெச்ச போர்டு அங்கங்க இருக்கும், அந்த போர்டு முன்னாடி நின்னு அதே கோணத்துல நிஜச் சுவரைப் பாருங்க, கல் குவியலா கிடந்த இடத்துல இப்ப தூண் வரிசை நிக்கும். நடன மண்டபத்தை 2022 நவம்பர்ல திறந்தாங்க. இந்தக் கோயில்ல 615 நடனப் பெண்கள் இருந்ததா அங்க கிடைச்ச சமஸ்கிருதக் கல்வெட்டே சொல்லுது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த மண்டபத்துல நிக்கணும்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். ப்ரெயா கான் போனீங்கன்னா இடிபாட்டை இடிபாடாவே வெச்சுக் காப்பாத்தறதுன்னா என்னன்னு புரியும், தொண்ணூறுகள் ஆரம்பத்துல வேலையை ஆரம்பிச்ச உலக நினைவுச்சின்ன நிதியம் அங்க அப்படித்தான் பண்ணுச்சு, விழப்போறதை நிறுத்தினாங்க, விழுந்ததையெல்லாம் தூக்கி வைக்கல. தா கேவ், சாவ் சே தேவோதா ரெண்டும் சீனா டீம். பந்தேய் ஸ்ரேய் கொஞ்சம் தூரம், ஆனா போங்க, 967ல பிரதிஷ்டை பண்ண சின்னக் கோயில், செம்மண் நிறக் கல்லுல நகை வேலை. 1931ல பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் ஆன்ரி மார்ஷல் அங்கதான் முதல்முறையா, ஜாவால டச்சுக்காரங்க கிட்ட பாத்துக் கத்துக்கிட்ட பிரிச்சு அடுக்கற முறைய அங்கோருக்குக் கொண்டு வந்தார், பாப்புவோன், பாயோன் எல்லாத்துக்கும் மூலம் அதான். பிற்பாடு பிரான்சுல கலாச்சார அமைச்சரா ஆன ஆந்த்ரே மால்ரோ 1923ல சிற்பத்தைப் பெயர்த்து எடுத்து மாட்டிக்கிட்டதும் இதே கோயில்ல. அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப் கடைகள்ல பழைய கல், பழைய சிலைன்னு யாராவது காட்டினா வாங்காதீங்க, விலை கூட கேக்காதீங்க, அங்கோர்ல தலையில்லாம நிக்கற சிலைங்கள்ல நெறைய இப்படிக் கேட்டவங்களுக்காக வெட்டினதுதான்.

கடைசியா தண்ணி, இதை யாரும் கைட்ல எழுதறது இல்ல. இந்தக் கோயில்கள் பாறை மேல நிக்கல, ஈர மணல் மேல நிக்குது, நிலத்தடி நீர் ஒரே மட்டத்துல இருக்கற வரைக்கும் மணல் இறுகி இருக்கும், ஏறி இறங்கினா அடித்தளம் அசையும். கொரோனாவுக்கு முன்னாடி வருஷத்துக்கு சுமார் 25 லட்சம் வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க, அத்தனை ஹோட்டலுக்கும் போர்வெல் போட்டு உறிஞ்சினா என்ன ஆகும்னு யோசிங்க. அதனாலதான் அப்சரா பழைய அகழி, கால்வாய், ஏரி எல்லாத்தையும் தூர் வாரி திரும்ப தண்ணி விடறாங்க. ஏரி நடுவுல இருக்கற நியாக் பியன் கோயிலுக்குப் போற மரப்பாலத்துல ரெண்டு பக்கமும் தெரியற தண்ணி, பல நூற்றாண்டு வறண்டு வயலா கிடந்த ஏழாம் ஜெயவர்மன் ஏரி. சுத்திப் பாக்க அரை மணி நேரம் போதும், ப்ரெயா கான் பக்கத்துலதான், மூணாம் நாள் மதியத்துல ரெண்டையும் சேர்த்துக்கோங்க.

போறதுக்கு முன்னாடி ஐசிசி அங்கோர் கூட்ட அறிக்கைய ஒருதடவை புரட்டிப் பாருங்க, நெட்லயே கிடைக்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடறாங்க. எந்தக் கோயில்ல இப்ப சாரம் நிக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சுடும், சாரம் நின்னா போட்டோ கெட்டுப் போச்சேன்னு தாண்டிப் போகாதீங்க, கயிறு கட்டின எல்லைக்கு வெளிய நின்னு பத்து நிமிஷம் பாருங்க, கேள்வி இருந்தா அங்க நிக்கற அப்சரா ஆளுங்க கிட்ட கேளுங்க, நெறைய பேருக்கு இங்கிலீஷ் தெரியும்.